தென் தீவுக்கு எத்தனை இரவு?

நியூசிலாந்தில் குடும்பத்துடன் கார் ஓட்டிச் சுற்றிப் பார்ப்பது தொடர்பாக வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்ட வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை தருகிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

என் மகன் ஆக்லாந்தில் வேலை பார்க்கிறான். வரும் ஏப்ரலில் நானும் மனைவியும் அங்கே செல்கிறோம். மகன், மருமகள், நான்கு வயதுப் பேரன் ஆகியோருடன் 12 நாள்களில் இரண்டு தீவுகளையும் காரிலேயே சுற்றிவிட நினைக்கிறோம். காலைச் சிற்றுண்டி முடித்து வேலூரில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் பெங்களூரு போய்விடுகிறோமே. அந்தக் கணக்கில் நாளொன்றுக்கு 400 கி.மீ. என்று வைத்துக்கொண்டேன். திட்டம் சரிதானா?
— காட்பாடி வாசகர்

பன்னிரண்டு நாள்களைத் தென் தீவுக்கு மட்டும் ஒதுக்குங்கள் என்பதே எங்கள் பதில். ஆக்லாந்திலிருந்து வெலிங்டன் ஏறத்தாழ 640 கி.மீ.; எங்கும் நிறுத்தாமல் ஓட்டினாலே எட்டு மணி நேரம் ஆகும். அங்கிருந்து காரைக் கப்பலில் ஏற்றிக் குக் நீரிணையைக் கடந்து பிக்டன் சேர மூன்றரை மணி நேரமும், பிக்டனிலிருந்து கிறைஸ்ட்சர்ச் செல்ல இன்னொரு 340 கி.மீ. பயணமும் தேவைப்படும். பேரன் காரில் தூங்கியும் அழுதும் மூன்று நாள்கள் கழிந்த பிறகுதான் நீங்கள் பார்க்க விரும்பும் மலைகளின் அடிவாரத்துக்கே வந்து சேர்வீர்கள். திரும்பும்போதும் அதே பாடுதான். ஆக்லாந்திலிருந்து கிறைஸ்ட்சர்ச்சுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே வாடகைக் காரை எடுத்து, தீவைச் சுற்றி வந்து, எடுத்த இடத்திலேயே ஒப்படைத்தால், வேறு ஊரில் விடுவதற்குப் பல நிறுவனங்கள் வாங்கும் கூடுதல் கட்டணமும் மிச்சம். வட தீவை மகன் வீட்டில் தங்கும் மற்ற நாள்களில் பார்த்துக்கொள்ளலாம்.

பெங்களூருக் கணக்கு அங்கே செல்லுபடியாகாது. தென் தீவின் மாநில நெடுஞ்சாலைகள் பெரும்பாலும் போக ஒரு தடம், வர ஒரு தடம் என்ற அளவில் அமைந்தவை. நடுவில் பிரிசுவர் கிடையாது. ஏரியையும் ஆற்றையும் மலைச் சரிவையும் ஒட்டி வளைந்துகொண்டே போகின்றன. ஊருக்கு வெளியே அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் பொதுவாக மணிக்கு 100 கி.மீ. என்றாலும், சராசரியாக 70 கூடக் கிடைக்காத பகுதிகள் உண்டு. எனவே கிலோமீட்டரைப் பார்த்துத் திட்டமிடாமல், வரைபடம் காட்டும் நேரத்தோடு அதில் பாதியைச் சேர்த்து, அவ்வாறு வரும் கணக்கு ஐந்து, ஆறு மணி நேரத்தைத் தாண்டாதபடி ஒவ்வொரு நாளையும் அமைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். மாத இறுதியில் மாலை ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், பழக்கமில்லாத மலைச்சாலையில் இருட்டில் ஓட்ட நேரிடக் கூடாது.

இரவுகளைப் பிரிப்பதற்கு நாங்கள் சொல்லும் வழி ஒன்று உண்டு. போன வழியிலேயே திரும்பி வர வேண்டிய முட்டுச்சாலைகள் எவை என்று முதலில் பாருங்கள். அப்படிப்பட்ட ஒவ்வொரு சாலையின் தலைவாசலிலும் இரண்டு இரவுகள் தங்குங்கள். தென் தீவின் இரண்டு பெரும் காட்சிகள் அத்தகைய சாலைகளின் முடிவில்தான் இருக்கின்றன. நாட்டின் மிக உயரமான சிகரமான ஆவ்ராக்கி என்னும் மவுண்ட் குக் (3,724 மீட்டர்) ஒன்று. மில்ஃபோர்ட் சவுண்ட் என்னும் கடல் நுழைந்த பள்ளத்தாக்கு மற்றொன்று.

முதல் இரவு கிறைஸ்ட்சர்ச்சில் தங்கிவிட்டு, மறுநாள் காலை டெக்காபோ ஏரி வழியாக ட்வைசல் செல்லுங்கள். டெக்காபோ வரை 225 கி.மீ. தூரத்துக்கு மூன்று மணி நேரம் ஆகும். பனியாறுகள் பாறையை அரைத்து உண்டாக்கிய மிக நுண்ணிய துகள் நீரில் மிதப்பதால் அந்த ஏரி பால் கலந்த நீலமாகத் தெரிகிறது. இப்பகுதி 2012-இல் இருள் வானக் காப்பகமாக, அதாவது விண்மீன்கள் தெளிவாகத் தெரியும்படி செயற்கை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியாக, அறிவிக்கப்பட்டது. வானம் தெளிந்த இரவில் பேரனைச் சற்று நேரம் விழித்திருக்க வைப்பதில் தவறில்லை. ட்வைசலில் இரண்டு இரவுகள் தங்கினால், இடைப்பட்ட நாளை முழுவதுமாகப் புகாகி ஏரிக்கரையை ஒட்டி மவுண்ட் குக் கிராமத்துக்குப் போகும் 55 கி.மீ. முட்டுச்சாலைக்கே தரலாம். சிகரம் மேகத்தில் மறைந்திருந்தாலும் மறுநாள் காலை இன்னொரு வாய்ப்பு உண்டு.

அடுத்து லிண்டிஸ் கணவாய் வழியாகக் குயின்ஸ்டவுனில் இரண்டு இரவுகள். கூட்டமும் செலவும் மிகுந்த ஊர் அது. எங்களைக் கேட்டால், ஊருக்குள் கழிக்கும் நேரத்தைக் குறைத்து, 20 கி.மீ. தொலைவில் 1862-இல் தங்க வேட்டைக்காரர்களால் உருவான ஏரோடவுனைப் பார்க்கச் சொல்வோம். ஏப்ரலில் அங்கே இலையுதிர்காலம். மலைச்சரிவே மஞ்சளும் செம்மையுமாக மாறியிருக்கும்.

குயின்ஸ்டவுனிலிருந்து ஒரே நாளில் மில்ஃபோர்ட் போய்வரலாம் என்று பலர் சொல்வார்கள். போக மட்டும் 290 கி.மீ.; நான்கு மணி நேரம் ஓட்டி, இரண்டு மணி நேரப் படகுப் பயணம் முடித்து, களைத்த கண்களுடன் மீண்டும் நான்கு மணி நேரம் ஓட்ட வேண்டும். நான்கு வயதுக் குழந்தையுடன் அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மில்ஃபோர்ட் சாலையின் தலைவாசலான டே அனாவில் இரண்டு இரவுகள் தங்கினால் மில்ஃபோர்ட் 118 கி.மீ. தூரம்தான். காலையில் கிளம்பி, வழியில் ஆங்காங்கே நிறுத்தி, நண்பகலை ஒட்டிய படகில் ஏறலாம். அச்சாலையில் வரும் ஹோமர் சுரங்கப்பாதை 1.2 கி.மீ. நீளமுள்ளது; 1935-இல் வேலை தொடங்கி 1954-இல்தான் திறக்கப்பட்டது. மில்ஃபோர்டில் ஆண்டுக்கு 6,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது என்பதால், மழை வந்தால் மனம் சோர வேண்டியதில்லை. மழை நாளில்தான் பாறைச் சுவர் முழுவதும் அருவிகள் தோன்றுகின்றன.

டே அனாவிலிருந்து வனாகாவில் ஓர் இரவு. பின்னர் ஹாஸ்ட் கணவாயைக் கடந்து மேற்குக் கரையில், பனியாற்றுக்குப் பெயர்பெற்ற ஃப்ரான்ஸ் ஜோசஃப். வனாகாவிலிருந்து இது 285 கி.மீ.; ஒரு பகல் முழுவதும் இதற்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கிலிருந்து வரும் கடற்காற்று தென் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் மோதி மேலெழும்பி, ஈரத்தையெல்லாம் இந்தப் பக்கமே கொட்டிவிட்டுக் கிழக்கே வறண்டு இறங்குகிறது. ட்வைசலில் பளிச்சென்றிருந்த வானம் இங்கே இரண்டு நாள்கள் மூடியே கிடக்கலாம் என்பதால், இங்கும் இரண்டு இரவுகள் வேண்டும். பனியாறு வெகுவாகப் பின்வாங்கிவிட்டது. பள்ளத்தாக்கு நடைபாதையிலிருந்து அதைத் தொலைவில் பார்க்கலாமே தவிர, அதன் மேல் நடக்க ஹெலிகாப்டரில்தான் செல்ல முடியும், அதற்கும் மேகம் விலக வேண்டும்.

கடைசியாக, ஹோகிடிகா, ஆர்தர்ஸ் கணவாய் (920 மீட்டர்) வழியாகக் கிறைஸ்ட்சர்ச் திரும்பும் நாள்தான் இத்திட்டத்தில் மிக நீளமானது. மகனும் மருமகளும் மாறி மாறி ஓட்டட்டும். கிறைஸ்ட்சர்ச்சில் கடைசி இரவையும் சேர்த்தால் மொத்தம் 11 இரவுகள். ஈஸ்டர் விடுமுறையும் அந்நாட்டுப் பள்ளி விடுமுறையும் பெரும்பாலும் ஏப்ரலில் வருவதால், அறைகளை முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது. கட்டணம் இழக்காமல் ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பாருங்கள், ஏனெனில் மழையாலும் மண்சரிவாலும் மேற்குக் கரைச் சாலைகள் மூடப்படுவது அங்கே வழக்கமானதே.

தமிழ்நாட்டு ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லுமா? பன்னாட்டு உரிமமும் வேண்டுமா?
— ஆம்பூர் வாசகி

நம் அட்டை உரிமத்தில் விவரங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால், சுற்றுலாப் பயணியாகச் செல்பவர் அதைக் கொண்டே அங்கு ஓட்டலாம். எனினும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துச் செல்லுமாறு கூறுவோம். வாடகை நிறுவன முகப்பில் நிற்கும் ஊழியருக்கு அது நம் அட்டையை விட எளிதில் விளங்கும். ஆர்.டி.ஓ. அலுவலகம் அதை வழங்குகிறது, கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். அது தனித்து நிற்கும் ஆவணம் அன்று, அசல் உரிமமும் கையில் இருந்தாக வேண்டும். கைப்பேசியில் சேமித்த நகலை நம்பிப் போக வேண்டாம். உங்கள் உரிமம் இருசக்கர வாகனத்துக்கு மட்டுமானதா, காரையும் உள்ளடக்கியதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். காரை ஓட்டப்போகும் ஒவ்வொருவரின் பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காது.

ஏலகிரி மலைச்சாலையில் பல ஆண்டுகளாக ஓட்டிப் பழகியவன் நான். அங்கும் இடப்பக்கமே ஓட்டுகிறார்கள் என்பதால் சிரமம் இருக்காது என்று நினைக்கிறேன்.
— திருப்பத்தூர் வாசகர்

வளைவுகளில் உங்களுக்குச் சிரமம் இருக்காது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளைத் தினமும் ஏறி இறங்குபவருக்கு, குயின்ஸ்டவுனுக்கும் வனாகாவுக்கும் இடையில் 1,076 மீட்டர் உயரம் வரை ஏறும் கிரவுன் ரேஞ்ச் சாலை புதிதாக ஒன்றும் கற்றுத்தராது. கவனம் தேவைப்படுவது சாலை ஒழுங்கில்தான். நம் மலைச்சாலையில் வளைவுதோறும் ஒலிப்பான் அடிப்பது எச்சரிக்கை. அங்கே காரணமின்றி அடித்தால் வசையாகவே எடுத்துக்கொள்வார்கள். வளைவில் நடுக்கோட்டைத் தொட்டுத் திரும்பும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும், ஏனெனில் எதிரே வருபவர் தம் தடம் தமக்கே உரியது என்ற நம்பிக்கையில் வருகிறார். உங்கள் பக்கம் தொடர்ச்சியான மஞ்சள் கோடு இருந்தால் முந்தக் கூடாது. நிறுத்தப் பலகை இருக்கும் இடத்தில், சாலை காலியாக இருந்தாலும், சக்கரம் முழுவதுமாக நின்ற பிறகே நகர வேண்டும். வட்டச் சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும்.

இந்திய ஓட்டுநர்கள் அதிகம் திகைப்பது ஒற்றைத் தடப் பாலங்களில். மேற்குக் கரையில் இவை நிறைய உண்டு. பாலத்துக்கு முன்னுள்ள பலகையில் உங்கள் திசைக்குரிய அம்பு சிவப்பாகவும் சிறியதாகவும் இருந்தால், எதிரே வருபவருக்கு வழிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நீலப் பலகையில் உங்கள் அம்பு வெள்ளையாகவும் பெரியதாகவும் இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. யார் முதலில் முகப்பு விளக்கை மின்னவிட்டார்கள் என்பது அங்கே கணக்கில் வராது. முன்னுரிமை இருந்தாலும், எதிர்வண்டி பாலத்தில் ஏறிவிட்டால் அது இறங்கும் வரை பொறுங்கள்.

காட்சி அழகாக இருக்கிறதென்று வளைவில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். அதற்கென ஒதுக்கிய இடங்கள் அடிக்கடி வரும். மெதுவாக ஓட்டுவது குற்றமன்று, ஆனால் பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் பாதுகாப்பான இடத்தில் இடப்பக்கம் ஒதுங்கி அவர்களைப் போகவிட வேண்டும். இலையுதிர்காலக் காலைகளில் வெயில் படாத நிழல் வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாத உறைபனி படிந்திருக்கும். ஏலகிரியில் நீங்கள் சந்தித்திராத ஆபத்து அது ஒன்றே. ஹோமர் சுரங்கத்தருகே கியா என்னும் மலைக்கிளிகள் நின்ற காரின் ரப்பர் பட்டைகளைக் கொத்திப் பிய்க்கும் என்பதையும் சொல்லிவைக்கிறோம்; அவற்றுக்குத் தீனி போடக் கூடாது.

வீட்டு வண்டி என்று சொல்லும் கேம்பர்வேனை எடுத்தால் விடுதிச் செலவு மிச்சமாகுமா?
— குடியாத்தம் வாசகர்

இளைஞர் இருவருக்கு மிச்சமாகலாம். முதியோரும் குழந்தையும் உள்ள குடும்பத்துக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். டீசல் வண்டிக்கு அந்நாட்டில் ஓடிய தூரத்துக்கேற்பச் சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் உண்டு. வாடகை நிறுவனங்கள் அதைத் தனியாக வசூலிக்கும். நினைத்த இடத்தில் நிறுத்தித் தூங்கவும் முடியாது. கழிப்பறை வசதியுடன் சான்று பெற்ற வண்டிகளுக்கு மட்டுமே பல இடங்களில் அனுமதி. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சட்டப்படி தனி இருக்கை கட்டாயம். அதைப் பொருத்தும் வசதி வண்டியில் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கு மே மாதம்தான் முழு விடுமுறை. அப்போது போகலாமா?
— ராணிப்பேட்டை வாசகர்

போகலாம். இங்கே கத்திரி வெயில் கொளுத்தும்போது அங்கே இலையுதிர்காலம் முடிந்து குளிர்காலம் நெருங்கும் நேரம். மாலை ஐந்தரை மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும், கூட்டம் குறைவு. மில்ஃபோர்ட் சாலையில் பனிச்சரிவு அபாயக் காலம் அப்போது தொடங்குவதால், பனியில் வழுக்காமலிருக்கச் சக்கரத்தில் பூட்டும் சங்கிலி வைத்திருக்க வேண்டிவரலாம். சில நாள்களில் சாலையே மூடப்படும். டிசம்பர், ஜனவரியில் இரவு ஒன்பது வரை வெளிச்சம் இருக்கும், ஆனால் எல்லாச் செலவும் கூடும். அரையாண்டு விடுமுறையைச் சில நாள்கள் நீட்டிக்க முடிந்தால் நாங்கள் அதையே தேர்ந்தெடுப்போம்.

புளிக்காய்ச்சல், ஊறுகாய், பருப்புப்பொடி எடுத்துச் செல்லலாமா?
— ஆரணி வாசகி

எடுத்துச் செல்லும் உணவு எதுவானாலும், நுழைவுப் படிவத்தில் அறிவித்துவிடுங்கள். அறிவித்த பொருளை அதிகாரி பார்த்துவிட்டு அனுமதிப்பார் அல்லது எடுத்துக்கொள்வார். அறிவிக்காமல் பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், தேன் ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பைக்குள் தனித்தனியாகச் செருகாமல் உணவுப் பொருள்களை ஒரே பையில் வைத்தால் சோதனை விரைவில் முடியும்.

வழியில் பெட்ரோலும் கைப்பேசித் தொடர்பும் எளிதில் கிடைக்குமா?
— வாணியம்பாடி வாசகர்

ஊர்களில் கிடைக்கும், ஊர்களுக்கு இடையே கிடைக்காது. மில்ஃபோர்டு செல்லும் முன் டே அனாவிலும், ஹாஸ்ட் கணவாய்க்கு முன் வனாகாவிலும் தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். இவ்விரண்டு சாலைகளிலும் நெடுந்தூரம் சிக்னல் இருக்காது என்பதால், வரைபடத்தை முந்தைய இரவே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அவசர உதவிக்கு அந்நாட்டில் அழைக்க வேண்டிய எண் 111.