கால் போன சங்குகுளியாளியும் கடலுக்கடியில் ஆய்வு வேலையும்

தூத்துக்குடியிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அவருடைய மகன், விடுமுறையில் புதுச்சேரியில் ஸ்கூபா பயிற்சி பெற்று வந்ததிலிருந்து டைவிங்கையே தொழிலாகக் கொள்வேன் என்கிறான். தாய்மாமனோ ஒரு சுயநிதிக் கல்லூரியில், நிர்வாக ஒதுக்கீட்டில், கணினிப் பொறியியல் இடத்துக்குப் பேசி முடித்துவிட்டார். எஞ்சினால் இயங்கும் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்று வாங்கிச் சங்கு குளிக்கும் படகில் போய் இரு கால்களும் செயலிழந்த ஒருவரை அதே தெருவில் நாள்தோறும் பார்க்கும் தாய்க்கு உறக்கமில்லை.

ஐயா, உங்கள் கலக்கம் புரிகிறது. உங்கள் மனைவியின் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது, அதற்கு விடை சொல்ல வேண்டியது என் கடமை. மைத்துனரின் அவசரத்துக்கு அப்படி எந்தக் காரணமும் இல்லை. கணக்குப் பாடத்தைத் தட்டுத்தடுமாறித் தாண்டிய மகனை, வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து, அவன் ஒருநாளும் கேட்காத படிப்பில் சேர்ப்பது உறவினரின் வாயை அடைக்குமே தவிர அவனுக்கு ஒரு பிழைப்பைத் தராது.

முதலில் அந்த அச்சத்தைப் பார்ப்போம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 20 மீட்டரில் உடல் தாங்குவது கரையிலுள்ள அழுத்தத்தைப்போல் மூன்று மடங்கு. அங்கே சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து சேர்கிறது. நெடுநேரம் இருந்துவிட்டு விரைந்து மேலே வந்தால் அது குமிழ்களாகப் பிரிந்து, தண்டுவடத்தைத் தாக்கும்போது கால்களை முடக்குகிறது. இதைத் தவிர்க்கப் படிப்படியாக நின்று மேலேற வேண்டிய அட்டவணையை உடலியல் அறிஞர் ஹால்டேன் 1908-லேயே வெளியிட்டுவிட்டார். சங்குப் படகில் அந்த அட்டவணையும் இல்லை, ஆழம் காட்டும் கருவியும் இல்லை. எஞ்சினின் புகையே காற்றுக் குழாய்க்குள் புகுந்துவிடும் ஆபத்து வேறு. அந்த மனிதரை முடக்கியது விதியன்று, முறையற்ற ஏற்பாடு.

உங்கள் மகன் இணையத்தில் பார்த்து மயங்கியிருப்பது டெக்னிக்கல் டைவிங். பொழுதுபோக்கு டைவிங்கின் 40 மீட்டர் எல்லையைத் தாண்டுவோர் முதுகில் இரட்டைச் சிலிண்டர், அவற்றைத் தேவைப்பட்டால் பிரிக்கும் வால்வு, சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும் அளவுக்கு அழுத்தம் குறைத்துத் தரும் தனித்தனியான இரண்டு ரெகுலேட்டர்கள், காற்றிழந்த தோழருக்குக் கொடுக்க ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள ஒரு குழாய் ஆகியவற்றோடு இறங்குகிறார்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் உள்ள ஆக்சிஜன் விகிதத்தைத் தாமே அளந்து, எவ்வளவு ஆழம்வரை அதைச் சுவாசிக்கலாம் என்று அதன்மேல் எழுதி ஒட்டுகிறார்கள். 32 விழுக்காடு ஆக்சிஜன் கலந்த வாயுவுக்கு அந்த எல்லை ஏறக்குறைய 33 மீட்டர். அதற்கு வெகு கீழே அதையே சுவாசித்தால் நீருக்குள்ளேயே வலிப்பு வரலாம். இந்தப் பழக்கங்கள் அவனுக்கு எந்நாளும் உதவும். ஆனால் டெக்னிக்கல் டைவிங் பயிற்சிக்குக் கிடைக்கும் சான்று அட்டையைக் காட்டி எண்ணெய்க் கிணற்றிலோ கப்பல் துறையிலோ வேலை கேட்க முடியாது. பயிற்சி விற்பவர்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

நான் பரிந்துரைப்பது நீருக்கடி ஆய்வாளர் வேலை. துறைமுகத் தூண்கள், கப்பல்களின் அடிப்பாகம், அனல்மின் நிலையத்துக்குக் கடல்நீர் எடுக்கும் வாய்க்கால், மும்பைக்கு அப்பால் கடலிலுள்ள மும்பை ஹை எண்ணெய் வயல் மேடைகளின் எஃகுக் கால்கள் ஆகியவற்றை யாரேனும் இறங்கிப் பார்த்தாக வேண்டும். அங்கே இறங்குபவர் மேலிருந்து காற்று வரும் தலைக்கவசம் அணிகிறார். அம்பிலிகல் என்னும் கட்டில் காற்றுக் குழாய், பேச்சுக் கம்பி, ஆழமளக்கும் குழாய் மூன்றும் சேர்ந்திருக்கும். மேலே மேற்பார்வையாளர் அவருடைய மூச்சொலியைக் கேட்டுக்கொண்டிருப்பார். உடையணிந்த மாற்று டைவர் ஒருவர் உடனே இறங்க ஆயத்தமாக இருப்பார். குமிழ் பாதிப்பு வந்தவரை மீண்டும் அழுத்தத்தில் வைத்துச் சிகிச்சை தரும் மீளழுத்த அறையும் பணியிடத்திலேயே நிற்கும். ஐ.எம்.சி.ஏ. என்னும் கடல்சார் ஒப்பந்ததாரர்களின் பன்னாட்டு அமைப்பின் நெறிமுறை இப்படித்தான் எதிர்பார்க்கிறது. உங்கள் மனைவிக்கு இந்தப் பகுதியை வாசித்துக் காட்டுங்கள். கலங்கிய நீரில் எஃகில் ஒட்டி வளரும் கொட்டலசு என்னும் ஓட்டுயிரிகளைச் சுரண்டி, பற்றவைப்பின் வெடிப்பைத் தேடி, மீயொலிக் கருவியால் தகட்டின் தடிமனை அளந்து, துருவைத் தடுக்க எஃகில் பொருத்திய உலோகக் கட்டிகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று சொல்வதே பணி. இதற்கென சி.எஸ்.டபிள்யூ.ஐ.பி. 3.1யு என்ற தகுதிச் சான்று இருக்கிறது. உலோகம் தெரிந்தவனுக்கே அதில் மதிப்பு என்பதால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களை நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்க்கும் அரசு பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளமோவை முதலில் முடிக்கட்டும்.

பணத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டைவிங் மருத்துவம் அறிந்த மருத்துவர் காது, நுரையீரல், ஆஸ்துமா, வலிப்பு வரலாறு ஆகியவற்றைச் சோதித்துத் தகுதி எழுதித் தரும்வரை ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். வணிக டைவிங் பயிற்சிக்குச் சில லட்சங்கள் ஆகும். அதை டிப்ளமோ முடித்து ஓரிரு ஆண்டு வேலை பார்த்து அவனே பெரும்பகுதி சேர்க்கட்டும். அப்போதும் அந்தச் சான்றிதழ் ஐ.எம்.சி.ஏ. ஏற்கும் பட்டியலில் உள்ளதா என்று அமைப்பிடமே கேட்டறியுங்கள். பயிற்சி நிலையத்தின் விளம்பரத் தாள் போதாது. பெரும்பாலும் ஒப்பந்த வேலை, மேற்குக் கடலில் பருவமழை மாதங்களில் முடக்கம், உடல் தளர்ந்தபின் நீரில் இறங்காமல் பிழைக்க ஒரு வழி தேவை என்பவற்றையும் மறைக்க விரும்பவில்லை. அந்த வழி ஆய்வறிவுதான்.

இனி மகனின் நாட்டம். துணிச்சல் இதற்குப் பெரிய தகுதியன்று. அவனை டைவிங் நிலையம் ஒன்றுக்கு ஒரு மாதம் அனுப்பி, கடலில் இறங்காமல் ரெகுலேட்டர்களைக் கழுவ, கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களை மாற்ற, சிலிண்டர்களை நிரப்பிப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். சலித்துத் திரும்பினால் இந்த யோசனையைக் கைவிடலாம். வேறு வழி பேசுவோம். மீண்டும் போகிறேன் என்றால் அவனைத் தடுக்கும் உரிமை மாமாவுக்கு இல்லை, வேண்டாம் என்றால் தள்ளும் உரிமை எனக்கும் இல்லை. கல்லூரிக்கு முன்பணம் கட்டவேண்டாம் என்று மைத்துனரிடம் இந்த வாரமே சொல்லிவிட்டு, பாலிடெக்னிக் விண்ணப்பத்தின் கடைசி நாளைப் பாருங்கள்.