நெமிசிஸ்: பரம எதிரியா, சிம்ம சொப்பனமா?

கேள்வி: ஆங்கிலச் செய்திகளில் ‘நெமிசிஸ்’ என்று வந்தால் ‘பரம எதிரி’ என்று எழுதிவிடுகிறேன். சரிதானே சார்?

பதில்: பாதிதான் சரி. நெமிசிஸ் ஒரு கிரேக்கப் பெண் தெய்வம். தலைக்கனம் பிடித்து ஆடுகிறவர்களைத் தண்டிப்பது அவள் வேலை. கண்மண் தெரியாமல் பழிவாங்குகிறவள் அல்ல. அவரவருக்கு உரியதை அளந்து கொடுப்பவள். ஏதென்ஸுக்கு வடகிழக்கே ராம்னூஸில் அவளுக்குக் கோயில் இருந்தது. அங்கிருந்த சிலையைப் பற்றிப் பௌசானியஸ் என்ற பழங்காலப் பயணி சொல்வது சுவையானது. கி.மு. 490-இல் மாரத்தானில் வந்திறங்கிய பாரசீகர்கள், ஜெயித்தது போலவே நினைத்துக்கொண்டு, வெற்றிச் சின்னம் செதுக்கப் பளிங்குக் கல்லையும் கையோடு கொண்டுவந்தார்களாம். தோற்றுப் போனார்கள். அந்தக் கல்லில்தான் நெமிசிஸைச் செதுக்கினார்களாம்! நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நேர்ப்பொருளில் இந்தச் சொல் வந்தால் ‘வினைப்பயன்’ என்ற வாடை அதில் இருக்க வேண்டும்.

கேள்வி: டென்னிஸ் செய்தியில் என்ன வினைப்பயன்?

பதில்: ஒன்றுமில்லை, அது உருவகம். ஒருவரிடம் மட்டும் திரும்பத் திரும்ப மண்ணைக் கவ்வினால், அவர் நமக்கு நெமிசிஸ். பிரெஞ்சு ஓபனில் ஃபெடரரும் நடாலும் 6 முறை மோதினார்கள். ஆறிலும் நடால்தான் ஜெயித்தார். ஆனால் இருவரும் நல்ல நண்பர்கள். அங்கே போய் ‘பரம எதிரி’ என்று எழுதினால் எப்படி? ‘சிம்ம சொப்பனம்’ என்று எழுதுங்கள், கச்சிதமாக உட்காரும்.

கேள்வி: ஆளாகத்தான் இருக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். நெப்போலியனுக்கு 1812 ரஷ்யப் படையெடுப்பே நெமிசிஸ் என்று தாராளமாக எழுதலாம். அளவு மீறிய ஆசைக்குக் கிடைத்த அடி என்பதால் பழைய பொருளும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: மாறி மாறி ஜெயிக்கிற இருவரையும் அப்படிச் சொல்கிறார்களே?

பதில்: சொல்கிறார்கள், அமெரிக்க வழக்கில் அதிகம். அகராதிகளும் ஏற்றுக்கொண்டுவிட்டன. எனக்கென்னவோ அதற்குப் ‘போட்டியாளர்’ போதும்.

கேள்வி: நெமிசிஸ் என்று ஒரு நட்சத்திரம் உண்டாமே?

பதில்: உண்டு என்று 1984-இல் ஊகித்தார்கள். பூமியில் சுமார் 2.6 கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை உயிரினங்கள் கூண்டோடு அழிவது போலத் தெரிந்தது. சூரியனுக்குக் கண்ணில் படாத ஒரு துணை நட்சத்திரம் இருந்து, அதுதான் வால்மீன்களை இந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது என்று கணக்குப் போட்டார்கள். தேடிப் பார்த்தும் அது இன்றுவரை சிக்கவில்லை.