காட்டிக்கொடுக்கும் புரதங்களா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

எய்ட்ஸ் வைரஸ் குறித்த உங்கள் கட்டுரையைப் பத்தாம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். நம் செல்லுக்குள் இருக்கும் புரதங்களையே துணையாக வைத்துக்கொண்டு வைரஸ் நம் தற்காப்பைத் தாண்டுகிறது என்ற இடத்தில் மாணவிகள் நிறுத்தச் சொன்னார்கள். நம் உடம்பின் புரதம் ஏன் நமக்கே எதிராக நடக்க வேண்டும், அதை மருந்தால் அடக்கிவிட்டால் வைரஸும் அடங்காதா என்று ஒருத்தி கேட்டாள். 2012இல் டெங்கு பரவியபோது தெருவில் நிலவேம்புக் குடிநீர் கொடுத்து, எதிர்ப்புச் சக்தி கூடும் என்றார்களாம். அதை வீட்டில் கேட்டறிந்த இன்னொருத்தி, எதிர்ப்புச் சக்தி கூடினால் இந்தத் தந்திரம் பலிக்குமா என்றாள். தாங்கள் விளக்கினால் வகுப்பில் வாசித்துக் காட்டுவேன்.

ஓர் அறிவியல் ஆசிரியை,
அம்பாசமுத்திரம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். புரதம் கட்சி மாறுகிறது என்ற எண்ணத்தை மாணவிகள் முதலில் விட்டுவிட வேண்டும். புரதத்துக்கு நண்பன், பகைவன் என்ற பேதம் கிடையாது. அதன் மேற்பரப்புக்கு ஒரு வடிவம் உண்டு, அந்த வடிவத்தில் பொருந்துவது எதுவாயினும் அதனோடு ஒட்டிக்கொள்ளும். எச்.ஐ.வி.யிடம் இருப்பவை ஒன்பதே மரபணுக்கள். அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனித செல்லைச் சமாளிக்க முடியாது என்பதால், செல்லில் ஏற்கெனவே இருக்கும் புரதங்களில் எது தன் வடிவத்துக்குப் பொருந்துகிறதோ அதைப் பயன்படுத்தும் வைரஸ்களே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்திருக்கின்றன. இதில் துரோகம் எதுவும் இல்லை.

சைக்ளோஃபிலின் ஏ என்பது நம் செல்களில் மிகுதியாக உள்ள புரதம். பிற புரதங்கள் சரியாக மடிந்து உருவம் பெறுவதற்கு உதவுவது அதன் அன்றாட வேலை. எச்.ஐ.வி. தன் மரபுப்பொருளைக் கூம்பு வடிவமான ஒரு புரத உறைக்குள் வைத்துச் செல்லுக்குள் கொண்டுவருகிறது. அந்த உறையோடு சைக்ளோஃபிலின் ஏ ஒட்டிக்கொள்கிறது என்பது 1993இலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதனால் வைரஸுக்கு என்ன ஆதாயம் என்பது வெகுகாலம் விளங்கவில்லை. 2004இல், ரீசஸ் குரங்கின் செல்களில் டிரிம்5 ஆல்பா என்னும் காவல் புரதம் அந்த உறையின் மேல் வலைபோலப் படிந்து, அதை உரிய காலத்துக்கு முன்பே குலைத்துவிடுகிறது என்று கண்டார்கள். அதே காவல் புரதம் மனிதரிடமும் உண்டு, ஆனால் எச்.ஐ.வி.யிடம் அது வலுவற்றது என்றே பலரும் நினைத்திருந்தார்கள். 2019, 2020இல் வெளிவந்த ஆய்வுகள் இந்த நினைப்பைத் திருத்தின. மனித ரத்தத்தில் நோய் எதிர்ப்புக்கு உதவும் வெள்ளையணுக்களான டி செல்களில் சைக்ளோஃபிலினை நீக்கிப் பார்த்தபோது, நம்முடைய டிரிம்5 ஆல்பாவும் வைரஸைத் தடுத்தது. பேருந்தில் ஒருவர் துண்டு போட்டுப் பிடித்த இருக்கையில் இன்னொருவர் அமர முடியாததுபோல, சைக்ளோஃபிலின் முன்கூட்டியே போய் உறையின் மேல் உட்கார்ந்துவிடுவதால் காவல் புரதத்துக்கு அங்கே படிய இடமில்லாமல் போகிறது. காவல் பலவீனமாக இருக்கவில்லை என்பதே இதில் எனக்கு முக்கியமாகப் படுவது.

இதே சைக்ளோஃபிலின் தென் அமெரிக்காவின் ஆந்தைக் குரங்கிடம் நேர்மாறான வேலையைச் செய்கிறது. (பாபநாசத்திலும் குற்றாலத்திலும் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடும் நம் நாட்டுக் குரங்கு வேறு இனம், மாணவிகள் குழம்ப வேண்டாம்.) அந்தக் குரங்கின் பரிணாமத்தில் எப்போதோ சைக்ளோஃபிலின் மரபணுவின் ஒரு நகல் டிரிம்5 மரபணுவின் நடுவில் வந்து செருகிக்கொண்டது. விளைவாக, வைரஸ் உறை விரும்பி ஒட்டிக்கொள்ளும் பகுதியும் அதைக் குலைக்கும் பகுதியும் ஒரே புரதத்தில் அமைந்துவிட்டன. எச்.ஐ.வி. அதனிடம் தானாகவே போய் மாட்டிக்கொள்கிறது. உதவியும் எதிர்ப்பும் புரதத்தின் குணத்தில் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

மறைத்துக்கொள்வதோடு வைரஸ் நிற்பதில்லை, காவலையே ஒழித்துக்கட்டவும் செய்கிறது. 2002இல் அடையாளம் காணப்பட்ட அபோபெக்3ஜி என்னும் புரதம், புதிதாக உருவாகும் வைரஸ் துகள்களுக்குள் புகுந்துகொண்டு, அடுத்த செல்லில் அந்த வைரஸின் மரபு எழுத்துகளைத் தாறுமாறாக மாற்றிவிடும். இதற்கு மாற்றாக எச்.ஐ.வி. விஃப் என்னும் புரதத்தை வைத்திருக்கிறது. விஃப் தன்னந்தனியாக எதையும் அழிப்பதில்லை. ரத்த அணுக்கள் உருவாவதற்கு இன்றியமையாத சி.பி.எஃப். பீட்டா என்ற நம் புரதத்தைத் துணைக்கு இழுத்துக்கொண்டு, வேண்டாத புரதங்களுக்கு யுபிக்விட்டின் என்னும் குறியை ஒட்டும் செல்லின் இயந்திரம் ஒன்றை அபோபெக்கின் பக்கம் திருப்பிவிடுகிறது. குறி ஒட்டப்பட்ட புரதத்தைச் செல்லின் சிதைப்பு அமைப்பு வழக்கம்போல நறுக்கிவிடுகிறது. அந்த அமைப்பைப் பொறுத்தவரை விதிப்படியே எல்லாம் நடந்திருக்கிறது.

இனி முதல் மாணவியின் கேள்வி. உதவும் புரதத்தை அடக்கலாமா என்றால், அந்தப் புரதம் இல்லாமல் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்த்தே சொல்ல முடியும். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்குத் தரப்படும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து சைக்ளோஃபிலினோடு ஒட்டுவது. ஆய்வகத்தில் அது எச்.ஐ.வி.க்கு இடைஞ்சல் செய்கிறது. ஆனால் டி செல்களை அடக்குவதற்கென்றே தரப்படும் மருந்தை, டி செல்களை இழந்துகொண்டிருக்கும் நோயாளிக்குக் கொடுப்பது எப்படி? எதிர்ப்பை அடக்காதபடி மாற்றியமைத்த அலிஸ்போரிவிர் என்ற மருந்தை ஹெப்படைட்டிஸ் சி நோயாளிகளிடம் சோதித்தபோது, சிலருக்குக் கணைய அழற்சி தோன்றவே, 2012இல் சோதனை நிறுத்திவைக்கப்பட்டது. இதற்கு மாறாக, எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் சி.சி.ஆர்.5 என்னும் நுழைவாயில் புரதம் பிறவியிலேயே இல்லாமல் ஐரோப்பியரில் சிலர் நலமாக வாழ்வதால், அதை அடைக்கும் மராவிராக் 2007இல் மருந்தாக ஏற்கப்பட்டது. இவற்றைவிட எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. 2022இல் வந்த லெனகாபவிர், நம் புரதம் எதையும் தொடாமல், நம் செல்லின் வேறு இரு புரதங்கள் வந்து பொருந்தும் வைரஸ் உறையின் பள்ளத்தில் தானே போய் அமர்ந்துவிடுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டால் போதும்.

இரண்டாம் மாணவியின் கேள்விக்கு டெங்குவே விடை தருகிறது. வைரஸ் தொற்றியதும் செல்கள் இன்டர்ஃபெரான் என்னும் எச்சரிக்கைப் புரதத்தை வெளிவிடும்; அது அடுத்த செல்லின் மேல் பட்டதும், அந்தச் செய்தியை உட்கருவுக்குக் கொண்டுபோகும் புரதங்களில் ஒன்று ஸ்டாட்2. டெங்குவின் என்.எஸ்.5 புரதம் ஸ்டாட்2ஐப் பிடித்து, யு.பி.ஆர்.4 என்னும் நம் புரதத்தின் துணையோடு சிதைப்புக்கு அனுப்பிவிடுகிறது. வெளியே இன்டர்ஃபெரான் எவ்வளவு பெருகினாலும், தொற்றிய செல்லுக்குள் செய்தி போய்ச் சேராது. எலியின் ஸ்டாட்2ஐ என்.எஸ்.5 பிடிப்பதில்லை, சாதாரண ஆய்வக எலியில் டெங்கு வேரூன்றாததற்கு இதுவும் ஒரு காரணம். எலிக்கு நம்மைவிடச் 'சக்தி' அதிகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அத்துடன், டெங்குவில் எதிர்ப்பே வைரஸுக்கு வழிவிடுவதும் உண்டு. டெங்கு நான்கு வகைப்படும். முதல் முறை ஒரு வகை வந்து போனபின் வேறொரு வகை தொற்றினால், முதல் தொற்றின்போது உடம்பு உருவாக்கிய பழைய எதிர்பொருள்கள் (ஆன்டிபாடி) புதிய வைரஸின் மேல் ஒட்டினாலும் அதைச் செயலிழக்கச் செய்யாமல் போகலாம். எதிர்பொருள் ஒட்டிய எதையும் உள்ளிழுப்பது வெள்ளையணுக்களின் இயல்பு. ஆகவே வைரஸ் அப்படியே உள்ளே போய்ப் பெருகுகிறது. ஆதலால் 2012இல் டெங்கு கண்ட வீடுகளில் இன்று யாருக்காவது காய்ச்சல் வந்தால், குடிநீர் காய்ச்சிக் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும், ஆனால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். காய்ச்சல் விட்டபிறகு வரும் ஓரிரு நாள்களில்தான் ரத்த நாளங்களிலிருந்து நீர் கசியும் ஆபத்து கூடுதல். அப்போது வயிற்றுவலியோ விடாத வாந்தியோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் வகுப்பில் சேர்த்துச் சொல்லுங்கள்.