படித்தவர்களும் தலையாட்டுவார்கள்

கேள்வி: அரசியலில் எல்லாரும் இரண்டு கூடாரமாகப் பிரிந்து கிடக்கிறார்கள். எதிர் அணியில் இருக்கும் படித்தவர்கள்கூடத் தலைமை சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறார்களே, இவர்களுக்குச் சுயபுத்தியே கிடையாதா?

பதில்: படித்தவர்கள் மேல் உங்களுக்கு இவ்வளவு நம்பிக்கையா? மந்தைப் புத்திக்குப் படிப்பு தடுப்பூசி அல்ல. சில சமயம் நோயை முற்றவைப்பதே படிப்புதான்.

யேல் பல்கலைக்கழகத்தின் டான் காஹனும் சகாக்களும் 2013-ல் ஒரு சோதனை நடத்தினார்கள். அமெரிக்கர்கள் சிலரிடம் ஓர் எண் அட்டவணையைக் கொடுத்து, இந்தக் களிம்பு தோல் அரிப்பைக் குணப்படுத்தியதா என்று கேட்டார்கள். வேறு சிலரிடம் அதே மாதிரி எண்களைக் கொடுத்து, துப்பாக்கித் தடையால் குற்றம் குறைந்ததா என்று கேட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் தப்பான விடைதான் கண்ணில் படும், அப்படி அமைத்த அட்டவணை. களிம்புக் கணக்கில் கெட்டிக்காரர்கள் தேறினார்கள். துப்பாக்கி என்றதும் கதை மாறியது. சரியான விடை தங்கள் கட்சிக்கு ஒத்துப்போனால் கண்டுபிடித்தார்கள், ஒத்துப்போகாவிட்டால் பலர் கோட்டைவிட்டார்கள். இரு கட்சிக்காரர்களுக்கும் நடுவே இருந்த இடைவெளி, கணக்கில் மட்டமானவர்களைவிடக் கெட்டிக்காரர்களிடம்தான் அதிகம். பிடித்த விடை மேலாகவே தெரிந்துவிட்டால் எவ்வளவு பெரிய மூளையும் வேலையை நிறுத்திவிடுகிறது.

1961-ல் அமெரிக்க அதிபர் கென்னடியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைவிடப் படித்தவர்களை எங்கே தேடுவது? கியூபாவின் பிக்ஸ் வளைகுடாவில் சுமார் 1,400 பேரை இறக்கி அந்நாட்டுத் தலைவர் காஸ்ட்ரோவைக் கவிழ்க்கலாம் என்ற திட்டத்துக்கு அந்தச் சபை தலையசைத்தது. மூன்றே நாளில் எல்லாம் முடிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள். அங்கே ஆர்தர் ஷ்லெசிங்கர் என்ற வரலாற்றாசிரியர் இருந்தார். திட்டம் தப்பு என்று அவருக்குத் தெரியும், தனியாகக் குறிப்பும் எழுதிக் கொடுத்தார். கூட்டத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்துப் பின்னால் தன்னையே நொந்து எழுதினார். மறு ஆண்டு, கியூபாவில் சோவியத் ஏவுகணைகளை நிறுத்தியதால் வந்த நெருக்கடியின்போது கென்னடி சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே போகாமல் இருந்தார். தன் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்தினால்தான் மற்றவர்களுக்கு வாய் திறக்கும் என்று அவருக்குப் புரிந்திருந்தது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், 'ஏகமனதாக நிறைவேறியது' என்ற வரியோடு எனக்குப் பழைய பகை. கட்சியோ சங்கமோ, யார் தீர்மானத்தில் அதைப் பார்த்தாலும் எனக்குப் பயம்தான் வருகிறது. யூதர்களின் சமயச் சட்ட நூலான தால்மூத்தில் ஒரு விதி உண்டு: மரண தண்டனை வழக்கில் நீதிபதிகள் அத்தனை பேரும் ஒரே குரலில் குற்றவாளி என்றால், ஆளை விடுவித்துவிட வேண்டும். அவனுக்குச் சாதகமாக யோசிக்க ஒருவர்கூட இல்லாத சபையை நம்ப முடியாது என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். எதிர்த்தவர்களின் பெயரையும் காரணத்தையும் தீர்மானத்திலேயே எழுதுங்கள் என்று அதனால்தான் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒற்றை ஆள் என்ன செய்துவிட முடியும் என்பீர்கள். 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களிடம் கோடுகளைக் காட்டி, எது எதற்குச் சமம் என்று கேட்டார். கூட இருந்தவர்கள் அவர் ஏற்பாடு செய்த ஆட்கள். அவர்கள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்ல, முக்கால்வாசி மாணவர்கள் ஒரு தடவையாவது கண்ணெதிரே இருப்பதை மறுத்துக் கூட்டத்தோடு போனார்கள். சரி, அப்புறம்தான் விஷயமே. கூட்டத்தில் ஒரே ஒருவர் மாற்றிச் சொன்னதும் மற்றவருக்கும் துணிச்சல் வந்துவிட்டது, கூட்டத்தோடு போவது வெகுவாகக் குறைந்தது. அந்த ஒருவர் சொன்ன விடையும் தப்பாக இருந்தபோதுகூடக் குறைந்தது! மாற்றிப் பேசுகிறவர் சரியாகத்தான் பேச வேண்டும் என்றுகூட இல்லை.

ஆக, எதிர் அணியில் இருப்பவர்களுக்குச் சுயபுத்தி இருக்கிறது. சொந்த ஆட்களிடம் கெட்ட பெயர் எடுக்கும் பயமும் இருக்கிறது. அதை அங்கே போய் உங்களால் சரிசெய்ய முடியாது, நீங்கள் என்ன சொன்னாலும் எதிரியின் பேச்சாகத்தான் காதில் விழும். உங்கள் பேச்சு எடுபடக்கூடிய இடம் உங்கள் அணிதான். உங்கள் தலைமை சமீபத்தில் சொன்னதில் எது உங்களுக்கு உறுத்தியது? அதை உங்கள் ஆட்களிடம் சொன்னீர்களா? எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன். பெயரைப் போடச் சம்மதமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.