காயப்போட்ட தொட்டியில் மறுபடி பாசி வருவது ஏன்?

வாசகர் கேள்வி: சிமென்ட் மீன்தொட்டியில் பச்சை நூல்பாசி அடைத்துக்கொண்டது. மீன்களை மாற்றிவிட்டு, தண்ணீரை இறைத்து, ஒரு மாதம் வெயிலில் காயவிட்டேன். அடிச்சேறு பாளம் பாளமாக வெடித்தது. திரும்ப நிரப்பிய இரண்டே வாரத்தில் அதே பாசி! மருந்து விற்பவர், ‘பாசியின் விதையையே அழிக்கும்’ என்று மாதம் ஒரு டோஸ் போடச் சொல்கிறார். போடலாமா?

போட வேண்டாம். காசும் போகும், மீனும் போகும்.

பாசியைக் கையில் எடுத்தால் ஈரத் தலைமுடி மாதிரி வழவழவென்று நழுவுகிறதா? அப்படியானால் அது ஸ்பைரோகைரா வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். சூழல் கெடும்போது இரண்டு நூல்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். நடுவே குழாய் போட்டு, ஒரு செல்லின் சரக்கு முழுவதும் எதிர்செல்லுக்குள் போய்விடும். அங்கே தடித்த சுவருள்ள பழுப்பு உருண்டை ஒன்று உருவாகும். அதுதான் உறக்க ஸ்போர், பாசிக்கு விதை மாதிரி. நூல் அழுகியதும் அது சேற்றில் விழுந்து கிடக்கும். நீங்கள் காயவைத்தபோது செத்தவை நூல்கள்தான். உருண்டைகள் அப்படியே இருந்தன.

உடனே முளைக்குமா என்றால், இல்லை. கொஞ்ச காலம் உறங்க வேண்டும். அப்புறம் தண்ணீர், வெளிச்சம், இதமான வெப்பம் மூன்றும் கூடி வர வேண்டும். கிளாமிடோமோனாஸ் என்ற ஒருசெல் பாசியை ஆய்வகத்தில் முளைக்கவைக்கும் முறையைப் பாருங்கள். அதன் ஸ்போரைச் சுமார் 5 நாள் இருட்டில் வைத்துவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுவருவோம். ஸ்போராக மாறாத சாதாரண செல்களை ஒழித்துக்கட்ட வேண்டுமா? பாசி வளரும் ஆய்வகத் தட்டை மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் வைப்போம், அல்லது குளோரோஃபார்ம் ஆவி காட்டுவோம். மற்றதெல்லாம் சாகும், ஸ்போர் பிழைக்கும். இப்படிப்பட்ட கெட்டித் தோலை மாதம் ஒரு மூடி மருந்து என்ன செய்துவிடும்?

அந்த மருந்துகள் பலவற்றில் இருப்பது தாமிர உப்பு, அதாவது நம் மயில்துத்தம். பச்சை நூலை அது கொல்லும், மறுக்கவில்லை. ஆனால் செத்த நூல் அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். விடியற்காலையில் பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும். காரத்தன்மையும் கடினத்தன்மையும் குறைந்த நீரில் தாமிரமே நேரடியாக மீனைத் தாக்கும். ‘பாசி 100% ஒழியும்’ என்று குப்பியில் அச்சடித்தவரிடம், பாசியின் எந்த நிலையில் சோதித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கண்ணாடிக் குடுவையில் நாலு நூல் வெளுத்ததைக் காட்டினால் போதும் என்று இருக்கும்வரை இந்தக் கூத்து நடக்கும். இதைவிட மோசம், பாட்டிலில் தண்ணீர் பிடித்துப்போய்ப் பக்கம் பக்கமாகப் பரிசோதனை அறிக்கை தரும் இடைத்தரகர்கள். ஐயா, ஸ்போர் இருப்பது சேற்றில். தண்ணீரைச் சோதித்து என்ன பயன்?

சரி, செய்ய வேண்டியது இதுதான். தண்ணீரை இறைத்ததும், சேறு ஈரமாக இருக்கும்போதே வழித்து எடுங்கள். காய்ந்து தூளானால் காற்றில் பறந்து திரும்பத் தொட்டிக்கே வரும். வழித்ததைக் கரையில் கொட்டாமல் தூரக் கொண்டுபோங்கள். மூலைகளைத் தேய்த்துக் கழுவி, மீன் விடாமல் நீர் நிரப்பி, வெளிச்சத்தில் விடுங்கள். வயலில் களையை முளைக்கவிட்டு உழுவார்களே, அதே கணக்கு. சுவரில் பச்சைப் பஞ்சு தெரிந்ததும், அது புது ஸ்போர் போடுவதற்குள் இறைத்துத் துடையுங்கள். இரண்டு தடவை செய்யலாம். எல்லா ஸ்போரும் ஒரே நேரத்தில் விழிக்காது, மிச்சம் இருக்கும். அதற்குத்தான் நிழல்: நீர்ப்பரப்பில் பாதியை மிதக்கும் இலைச்செடிகள் மூடட்டும். தீனியையும் குறையுங்கள். கழிவிலிருந்து வரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் முளைத்ததைக் கொழுக்க வைக்கின்றன.

ஒரு விதிவிலக்கு உண்டு. இதில் பலர் ஏமாறுகிறார்கள். ஆழமில்லாத தொட்டியோ பறவைகளுக்கு நீர் வைக்கும் தட்டோ காய்ந்ததும், அடியில் செங்கல் நிறத்தில், சில சமயம் ரத்தம் மாதிரி கறை தெரிகிறதா? துரு என்று நினைப்பார்கள். அது ஹீமட்டோகாக்கஸ். இதுவும் பச்சைப்பாசிதான், ஆனால் வெயிலும் வறட்சியும் தாக்கும்போது அஸ்டாக்சாந்தின் என்ற செந்நிறமியை நிரப்பிக்கொண்டு சுருண்டுவிடும். சால்மன் மீனின் சதைக்கு நிறம் தருவதும் அதே நிறமிதான். தண்ணீர் பட்டால் சில நாளில் பச்சையாகி நீந்தும். வெயிலில் காயவைப்பது இதற்குத் தண்டனையே இல்லை, பழக்கப்பட்ட வாழ்க்கை. ஆகவே தட்டு ஈரமாக இருக்கும்போதே, கறை சிவக்குமுன் தேய்த்துவிடுங்கள். சிவந்துவிட்டதா? சுரண்டாதீர்கள். நனைத்து ஊறவிட்டுத் தேய்த்து, கழுவிய நீரைத் தூர ஊற்றுங்கள்.

மருந்தை ஏற்கெனவே வாங்கியிருந்தால் மூடியைத் திறக்காமல் திருப்பிக் கொடுங்கள். மீன் இல்லாத தொட்டிதானே என்றும் ஊற்ற வேண்டாம். தாமிரம் சேற்றிலேயே தங்கிவிடும், பிறகு நீங்கள் விடப்போகும் மீன்கள் அதன் மேல்தான் வாழ வேண்டும்.