தாத்தா உளவுப் பள்ளியில் படித்தாரா? எங்கிருந்து தேடுவது?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "ஜப்பான்காரன் காலத்தில் என் தாத்தா பினாங்கில் ஏதோ ரகசியப் பள்ளிக்கூடத்தில் இருந்தாராம். நீர்மூழ்கியில் இந்தியாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு இருந்ததாம். பாட்டி அரைகுறையாகச் சொன்னது அவ்வளவுதான். இருவரும் இப்போது இல்லை. ஒரு பழைய போட்டோவும், 2602 என்று தேதி போட்ட ஒரு துண்டுக் காகிதமும் இருக்கின்றன. இது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

முதலில் அந்த 2602. யாரோ தப்பாக எழுதியது என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானியர் தங்கள் பேரரசு ஆண்டுக்கணக்கை மலாயாவிலும் கொண்டுவந்தார்கள். 660-ஐக் கழித்தால் 1942. ஆக, காகிதம் அந்தக் காலத்ததுதான் என்று அதுவே சொல்கிறது. தயவுசெய்து அதை லேமினேட் செய்யாதீர்கள். இரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டு, உறையில் போட்டு வையுங்கள். போட்டோவின் பின்பக்கத்தைப் பார்த்தீர்களா? ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். ஒட்டாமல் இருந்தால் ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பென்சில் எழுத்து அழிந்து போயிருந்தாலும் அழுத்திய தடம் காகிதத்தில் நிற்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் அது தெரியும். ஸ்டூடியோ முத்திரையும் இருக்கலாம். எந்த ஊரில் எடுத்தது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

சரி, அப்படி ஒரு பள்ளி இருந்ததா? இருந்தது. ஜப்பானியர் ஆதரவோடு இந்திய விடுதலைக்காக இயங்கிய இந்திய சுதந்திர லீக்கின் தலைவர்களில் ஒருவரான பினாங்கு வழக்கறிஞர் என். ராகவன் 1942இல் நடத்திய சுவராஜ் இன்ஸ்டிடியூட்தான் அது. இந்தியாவுக்குள் போய் வேலை செய்ய அங்கே இளைஞர்களைப் பழக்கினார்கள். அங்கிருந்து ஒரு குழு அதே ஆண்டு செப்டம்பரில் நீர்மூழ்கியில் போய் கேரளத்தின் தானூர் கரையில் இறங்கிப் பிடிபட்டது. அடுத்த ஆண்டு, 1943 செப்டம்பர் 10 அன்று, இப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் வக்கம் அப்துல் காதர், அனந்தன் நாயர், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங் ஆகிய நால்வரை மதராஸ் சிறையில் தூக்கிலிட்டார்கள். காதரும் அனந்தனும் பிழைப்புக்காக மலாயா வந்தவர்கள். இதை எழுதும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும். இதற்கிடையே, தன்னிடம் கேட்காமலே மாணவர்களை ஜப்பானியர் அனுப்பியதை எதிர்த்து ராகவன் பள்ளியையே மூடினார். ஆகவே "அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு இருந்தது" என்று உங்கள் பாட்டி சொன்னது நடந்திருக்கக்கூடிய ஒன்றுதான்.

ஆனால் பள்ளி இருந்தது என்பது வேறு, உங்கள் தாத்தா அதில் இருந்தார் என்பது வேறு. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு, நேரே லண்டன் ஆவணங்களில் போய்த் தேடுகிறார்கள். பெயர் கிடைக்காது, சோர்ந்து போவார்கள். ரகசியத்தை முதலில் தேடாதீர்கள். அவருடைய சாதாரண வாழ்க்கையை முதலில் கட்டுங்கள். எந்தத் தோட்டம், கிராணியா (தோட்டத்துக் குமாஸ்தா), கடைச் சிப்பந்தியா, எந்த ஆண்டு கல்யாணம், முதல் பிள்ளை எங்கே பிறந்தது? 1942இல் அவர் கெடாவில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார் என்று பிள்ளையின் பிறப்புப் பத்திரம் சொன்னால், கதையின் ஒரு கால் அங்கேயே முறிந்துவிடும். 1948இல் அவசரகாலத்தில் கொடுத்த அடையாள அட்டையை வீட்டில் தேடுங்கள். அதில் இருப்பது போலவே பெயரின் ஆங்கில எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெயர் விஷயத்தில் நிதானம் வேண்டும். சுப்பிரமணியம் என்ற ஒரு பெயரை வெள்ளைக்கார அதிகாரி ஒரு விதமாகவும், தோட்டத்துக் கிராணி இன்னொரு விதமாகவும் எழுதியிருப்பார்கள். 'மணியம்' மட்டும் எழுதியவர்களும் உண்டு. தகப்பனார் பெயரைச் சொந்தப் பெயராகப் பதிந்தவர்களும் உண்டு. போதாததற்கு, உளவு வேலைக்குப் போனவர்களுக்குப் புனைபெயர் வேறு இருந்திருக்கலாம். அதனால் பெயரை மட்டும் நம்பாமல், தகப்பனார் பெயர், சொந்தக் கிராமம், வயது மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள்.

அதற்கப்புறம்தான் ஆவணக் காப்பகங்கள். புதுடெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்திய தேசிய ராணுவத்தின் (ஐ.என்.ஏ.) கோப்புகள் இருக்கின்றன, 'அபிலேக் படல்' என்ற அவர்களுடைய இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ராணுவ உளவுத்துறைக் கோப்புகளும், பிரிட்டிஷ் நூலகத்தில் இந்திய அரசியல் உளவுப் பிரிவின் கோப்புகளும் உள்ளன. சிங்கப்பூர் தேசிய நூலகம் ஜப்பானியர் காலத்தில் சிங்கப்பூரில் வந்த 'சியோனான் ஷிம்புன்' பத்திரிகையை இணையத்தில் போட்டிருக்கிறது. லீக்கின் கூட்டங்கள், நன்கொடைகள் பற்றிய செய்திகளுக்கு அது உதவும். கோலாலம்பூரில் அர்கிப் நெகாராவில் (மலேசிய தேசிய ஆவணக் காப்பகம்) போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தின் கோப்புகளைக் கேளுங்கள்.

தாத்தா எதிர்ப்பக்கத்தில் இருந்திருக்கவும் கூடும். பிரிட்டிஷாரின் எஸ்.ஓ.இ. என்ற ரகசியப் போர் அமைப்பின் தூரகிழக்குப் பிரிவான ஃபோர்ஸ் 136 மலாயாவுக்குள் ஆட்களை இறக்கியது. சிங்கப்பூர்ச் சீன வணிகர் லிம் போ செங் அதில் வந்து பிடிபட்டு 1944 ஜூனில் பத்து காஜா சிறையில் இறந்தார். எஸ்.ஓ.இ.யின் தூரகிழக்குக் கோப்புகள் கியூவில் எச்.எஸ். 1 வரிசையிலும், ஆட்களின் தனிக்கோப்புகள் எச்.எஸ். 9 வரிசையிலும் உள்ளன. பிறந்து நூறு ஆண்டு ஆகாதவரின் கோப்பு பொதுவாக மூடியிருக்கும். இறப்புச் சான்றிதழ் அனுப்பினால் திறக்கக் கேட்கலாம். கோப்பே இல்லை என்று பதில் வந்தால் அவர் அதில் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். போர் முடிந்ததும் அந்த அமைப்பின் காகிதங்களில் பெரும்பகுதி அழிக்கப்பட்டது, கொஞ்சம் தீயில் போயிற்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பெத்தாய்க்கு மொழிபெயர்த்தவர்களும், ஆள் காட்டிக் கொடுத்தவர்களும் நம் ஆட்களில் இருந்தார்கள். தாத்தா வாய் திறக்காததற்குப் பயம் காரணமாக இருக்கலாம், வெட்கமும் காரணமாக இருக்கலாம், ஜப்பானியர் ஆட்களைக் கொண்டுபோய்க் கட்டிய சயாம் ரயில் பாதையில் பார்த்ததை மறக்க நினைத்ததும் காரணமாக இருக்கலாம். எது கிடைத்தாலும் ஏற்றுக்கொள்ள முடியும் என்றால் மட்டும் தேடலைத் தொடங்குங்கள். அடுத்த குடும்பத்தின் பெயர் ஏதாவது அதில் வந்தால் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

இதெல்லாவற்றுக்கும் முன்னால், தாத்தாவின் தங்கையோ கொழுந்தியாவோ யாராவது உயிரோடு இருந்தால் இந்த ஞாயிறே போய்ப் பாருங்கள். போட்டோவை எடுத்துப் போங்கள். "தாத்தா ஒற்றரா?" என்று ஆரம்பித்தால் அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். மரவள்ளிக்கிழங்கு தின்ற காலத்தில் வீட்டுக்கு அரிசி எங்கிருந்து வந்தது, தாத்தா ஊரில் இல்லாத மாதங்களில் பாட்டியை யார் பார்த்துக்கொண்டார்கள், வெள்ளைக்காரன் திரும்பி வந்தபோது வீட்டில் எதை எரித்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே பதிவு செய்துகொண்டு, அந்தத் துண்டுக் காகிதத்தின் படத்தோடு எனக்கு அனுப்புங்கள். எழுத்து ஜப்பானியமாக இருந்தால் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டித் தருகிறேன்.