சுயாதீனமாகப் போத்தலிடப்படும் சிங்கிள் மோல்ட்: கொழும்பு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர்: ஐயா, லண்டனிலிருந்து வந்த மருமகன் ஒரு போத்தல் கொண்டுவந்தார். அதில் வேறொரு நிறுவனத்தின் பெயர் பெரிய எழுத்திலும், காலைலா என்ற வடிசாலையின் பெயர் சிறிய எழுத்திலும் இருக்கின்றன. இது அசல்தானா?

அசல்தான். முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு ஒரே வடிசாலையில் வடித்த விஸ்கிதான் சிங்கிள் மோல்ட். ஸ்கொட்லாந்தில் வடிசாலைகள் தாம் வடிக்கும் அனைத்தையும் தமது பெயரில் போத்தலில் அடைப்பதில்லை. பெரும்பகுதி, பல வடிசாலைகளின் மதுவைச் சேர்த்துச் செய்யும் கலவை விஸ்கிகளுக்குப் போகிறது. காலைலாவின் மோல்ட்டும் பெருமளவு ஜோனி வோக்கர் கலவைகளுக்கே போகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் கைமாறும் பீப்பாய்களை வாங்கி, தமது பொறுப்பில் முதிரவைத்து, தமது பெயரில் போத்தலிடுகிறவர்களே சுயாதீன நிறுவனத்தார். அபர்டீனில் 1842இல் தொடங்கிய கேடன்ஹெட், எல்ஜின் நகரில் 1895இல் மளிகைக் கடையாகத் தொடங்கிய கோர்டன் அண்ட் மெக்ஃபெயில், 1988இல் வந்த சிக்னேட்டரி ஆகியவை இத்துறையில் நன்கறியப்பட்ட பெயர்கள். இவற்றுள் கோர்டன் அண்ட் மெக்ஃபெயில், புதிதாக வடித்த மதுவைத் தானே தெரிவுசெய்த பீப்பாயில் நிரப்பும் வழக்கத்தை நெடுங்காலம் கைக்கொண்டது. 1940இல் அவர்கள் நிரப்பிய கிளென்லிவெட் பீப்பாய் ஒன்று 80 ஆண்டுகள் கழித்தே போத்தலுக்கு வந்தது. பிற வடிசாலைகளின் மதுவை நிரப்புவதை 2024 முதல் நிறுத்துவதாக அந்நிறுவனம் அறிவித்தது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தந்த செய்தி.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒருவர்: போத்தலின் சீட்டில் உள்ள விபரங்களில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

வயதை முதலில் பார்ப்பதுதான் எல்லோரின் பழக்கம். நான் பீப்பாயின் வகையையே முதலில் பார்ப்பேன். ஓர் எடுத்துக்காட்டாக, “வடித்தது நவம்பர் 2008, போத்தலிட்டது செப்டெம்பர் 2021, மறுநிரப்பு ஹொக்ஸ்ஹெட், மதுசாரம் 56.8 வீதம், 271 போத்தல்கள்” என்று ஒரு சீட்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஹொக்ஸ்ஹெட் என்பது ஏறத்தாழ 250 லீற்றர் கொள்ளும் பீப்பாய். ஸ்கொட்லாந்தின் குளிரில் ஆண்டுக்குச் சுமார் 2 வீதம் ஆவியாகிப் போகும். அந்தக் கணக்கில் பதின்மூன்று ஆண்டு நெருங்கும்போது 190 லீற்றருக்குச் சற்று மேல் மிஞ்சும். அதை 700 மில்லிலீற்றர் போத்தல்களில் அடைத்தால் ஏறத்தாழ 275 வரும். எண்ணிக்கை பொருந்துகிறது. வழக்கமாக 63.5 வீதத்தில் நிரப்பப்படும் மது 56.8 ஆக இறங்கியிருப்பதும் அந்தக் காலத்துக்கு ஏற்றதே. இதே சீட்டில் 600 போத்தல்கள் என்று இருந்திருந்தால், அது ஒரே ஹொக்ஸ்ஹெட்டிலிருந்து நீர் சேர்க்காமல் எடுத்ததாக இருக்க முடியாது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

மறுநிரப்பு என்ற சொல்லைக் கண்டதும் பலர் போத்தலைத் திரும்ப வைத்துவிடுகிறார்கள். பேர்பனோ (அமெரிக்க விஸ்கி) ஷெரியோ (ஸ்பெயினின் வலுவூட்டிய வைன்) இருந்த பீப்பாயில் முதன்முறை ஸ்கொட்ச் நிரப்பினால் அது முதல்நிரப்பு. அதன் பின் வருபவை மறுநிரப்பு. முதல்நிரப்பில் மரமும் முன்பிருந்த மதுவும் உரத்துப் பேசும். மறுநிரப்பிலோ மரம் பின்னால் நின்று, வடிசாலையின் இயல்பை, காலைலா என்றால் அதன் புகையையும் கடலுப்பையும் எலுமிச்சை வாசத்தையும், முன்னே விடும். ஒரு வடிசாலையை அறிந்துகொள்ள விரும்புகிறவருக்கு நல்ல மறுநிரப்பு ஹொக்ஸ்ஹெட்டைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர்: கறுப்பாக இருந்தால் நல்ல ஷெரி பீப்பாய் என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்கொட்ச்சில் சாதாரண கரமெல் (சீனியைக் கருக்கிச் செய்யும் நிறமூட்டி) நிறம் சேர்க்கச் சட்டம் இடமளிக்கிறது. சுயாதீன நிறுவனங்களில் பல அதைச் சேர்ப்பதில்லை என்றாலும், சீட்டில் நிறம் சேர்க்கப்படவில்லை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஷெரி பீப்பாய் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முற்காலத்தில் ஸ்பெயினிலிருந்து ஷெரி வைன், பீப்பாய்களில் அடைத்தபடியே பிரித்தானியாவுக்குக் கப்பலேறியது. வைன் விற்றுத் தீர்ந்தபின் எஞ்சிய வெறும் பீப்பாய்களை வடிசாலைகள் மலிவாக வாங்கின. 1980களில், ஷெரியை ஸ்பெயினிலேயே போத்தலிட வேண்டும் என்ற நிலை வந்தபின் அந்த வழி அடைபட்டது. இன்று கிடைப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை, விஸ்கிக்காகவே செய்து, ஓராண்டு அல்லது இரண்டாண்டு ஒலோரோசோ போன்ற ஷெரியை ஊறவைத்துப் பக்குவப்படுத்திய பீப்பாய்கள். அதோடு ஷெரி பீப்பாய் என்றால் ஐரோப்பிய ஓக் என்பதும் தவறு. அமெரிக்க ஓக்கிலும் ஏராளமாகச் செய்கிறார்கள். ஐரோப்பிய ஓக் துவர்ப்பையும் கராம்பு போன்ற காரத்தையும் கூடுதலாகத் தரும். அமெரிக்க ஓக் வனிலாவையும் தேங்காய் வாசத்தையும் தரும். மரத்தில் உள்ள லக்டோன் என்ற சேர்மமே அந்தத் தேங்காய் வாசத்துக்குக் காரணம். பீப்பாயின் உட்புறத்தைத் தீயில் கருக்கும்போது மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் உடைந்து, வனிலா வாசம் தரும் வனிலின் பிறக்கிறது, அந்தக் கரிப்படலமோ புதுமதுவிலுள்ள கந்தக நெடியை உறிஞ்சிக்கொள்கிறது. பேர்பனைப் புதிதாகக் கருக்கிய ஓக் கலன்களிலேயே வைக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்வதால், அங்கே ஒருமுறை பாவித்த 200 லீற்றர் பீப்பாய்கள் ஸ்கொட்லாந்துக்குத் தாராளமாக வருகின்றன.

கொள்ளுப்பிட்டியிலிருந்து ஒருவர்: சில போத்தல்களில் வடிசாலையின் பெயரே இல்லையே?

பெயரைப் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு விற்கப்பட்ட பீப்பாயாக இருக்கும். ஆர்க்னி என்ற தீவுக்கூட்டத்தின் பெயர் மட்டும் எழுதியிருந்தால் பெரும்பாலும் அது அங்குள்ள ஹைலண்ட் பார்க் வடிசாலையுடையது. இன்னொரு முறையும் உண்டு: பல்வெனி வடிசாலையின் பீப்பாயில் கிளென்ஃபிடிக் என்ற வேறொரு வடிசாலையின் மோல்ட் ஒரு தேக்கரண்டியளவு சேர்த்துவிட்டால், சட்டப்படி அது சிங்கிள் மோல்ட் ஆகாது, பல்வெனி என்று யாரும் விற்கவும் முடியாது, அது பேர்ன்சைட் என்ற பெயரில் வெளிவரும். விலை சற்று இறங்கியிருந்தால் இவற்றைத் தயங்காமல் வாங்கலாம்.

மட்டக்குளியிலிருந்து ஒருவர்: அண்ணா, நம்முடைய தென்னஞ்சாராயத்தையும் மரத்தில்தானே வைக்கிறார்கள்? கொழும்பின் வெப்பத்தில் அது விரைவில் முதிராதா?

மிக நல்ல கேள்வி. நம் நாட்டில் தென்னங்கள்ளிலிருந்து வடித்த சாராயத்தை ஹல்மில்ல மரத்தாலான பெரிய தொட்டிகளில் வைப்பது நெடுநாள் வழக்கம். கலன் பெரிதாகப் பெரிதாக ஒரு லீற்றர் மதுவுக்குக் கிடைக்கும் மரப்பரப்புக் குறையும். அதனால் மரத்தின் தாக்கம் மெதுவாகவே ஏறும். ஸ்கொட்ச் சட்டமோ ஓக் மரத்தையே, அதுவும் 700 லீற்றருக்கு மேற்படாத பீப்பாயையே ஏற்கிறது, மூன்றாண்டு குறைந்தபட்சம்.

வெப்பம் முதிர்ச்சியை விரைவுபடுத்தும் என்பது பாதி உண்மை. மரத்திலிருந்து சாறு விரைவாக இறங்கும்; இழப்பும் விரைவாகும். பெங்களூரின் அம்ருத் வடிசாலையில் ஆண்டுக்கு 10 வீதத்துக்கு மேல் ஆவியாகிறது, ஆகவே அங்கே ஐந்தாறு ஆண்டுகளே நீண்ட காலம். கொழும்பு போன்ற ஈரப்பதம் மிகுந்த இடத்தில் நீர் ஆவியாவது தடைப்படுவதால் மதுசாரமே முந்திக்கொண்டு வெளியேறி வீதம் இறங்கும். வறண்ட இடத்தில் நீர் முந்திப்போய் வீதம் ஏறவும் கூடும். ஆனால் மெல்ல மெல்லக் காற்றோடு கலந்து நிகழும் மாற்றங்களுக்குக் காலம்தான் வேண்டும். அதை வெப்பத்தால் ஈடுசெய்ய முடியாது.

தெஹிவளையிலிருந்து ஒருவர்: 60 வீதம் வரும் மதுவில் தண்ணீர் சேர்த்தால் தவறா? ஐஸ்?

தண்ணீர் தாராளமாகச் சேர்க்கலாம். சேர்க்கவே வேண்டும் என்பேன். முதலில் சேர்க்காமல் முகர்ந்து, பின் சில துளிகளாகக் கூட்டிக்கொண்டு போங்கள். புகைவாசத்துக்குக் காரணமான குவாயக்கோல் போன்ற சேர்மங்கள் நீர் சேரும்போது மேற்பரப்பை நோக்கி வருகின்றன என்று சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர் 2017இல் கணினி மாதிரி கொண்டு காட்டினார்கள். ஐஸ் வாசத்தை அடக்கிவிடும். நீர் சேர்த்ததும் மது கலங்கினால் பயப்பட வேண்டாம், குளிர்வடிகட்டல் (குளிரவைத்து வடிகட்டுதல்) செய்யாததால் எஞ்சிய கொழுப்பமில எஸ்டர்களின் வேலை அது.

மீண்டும் கொள்ளுப்பிட்டி: ஒரு பீப்பாயை முதலீடாக வாங்கும்படி இணையத்தில் அழைக்கிறார்கள். வாங்கிக் கொழும்புக்குக் கொண்டுவரலாமா?

கொண்டுவர முடியாது. சிங்கிள் மோல்ட் ஸ்கொட்ச் ஸ்கொட்லாந்திலேயே போத்தலிடப்பட வேண்டும். மரப்பீப்பாயில் ஏற்றுமதி செய்ய அனுமதியில்லை. வாங்கினாலும் அது அங்குள்ள சுங்கக் களஞ்சியத்திலேயே கிடக்கும். விற்பவர் தரும் அழகிய சான்றிதழ் உரிமையை நிறுவாது. உங்கள் பெயருக்கு மாற்றியதைக் களஞ்சியக்காரரே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். அண்மையில் அளந்த கொள்ளளவையும் மதுசார வீதத்தையும் கேளுங்கள். 40 வீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அது ஸ்கொட்ச் என்றே விற்க முடியாது. இவற்றைக் கேட்டதும் பதில் சுணங்கினால் விலகிவிடுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து மற்றொருவர்: திறந்த போத்தலை நம் வெக்கையில் எப்படி வைப்பது? முதலில் எதை வாங்குவது?

போத்தலில் அடைத்தபின் விஸ்கி முதிராது. கெட மட்டும் கூடும். நிமிர்த்தியே வையுங்கள், படுத்திருந்தால் கடும் மது தக்கையை அரித்துவிடும். வெயில் படாத, வீட்டின் குளிர்ந்த அலுமாரி போதும். பாதிக்குக் கீழே இறங்கியதும் சிறிய கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றினால் காற்றின் பங்கு குறையும்.

முதல் கொள்வனவுக்கு, 43 வீதத்தில் வரும் வடிசாலையின் சொந்த காலைலா 12 ஒன்றையும், அதையொத்த வயதில் சுயாதீன நிறுவனமொன்றின் மறுநிரப்பு ஹொக்ஸ்ஹெட் காலைலா ஒன்றையும் நண்பர்கள் சேர்ந்து வாங்குங்கள். 43 வீதத்ததை முதலில் ஊற்றி, மற்றதை நீர் சேர்த்து ஏறத்தாழ அதே வீதத்துக்கு இறக்கியபின் பக்கத்தில் வைத்து முகருங்கள். எது எந்தக் கிளாஸ் என்று ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதும்.